பக்கத்துக் கட்டில்காரர்

லஷ்கர் மொகல்லா, மைசூர்
6 ஜனவரி 1952

அன்புள்ள தங்கை மெட்டில்டாவுக்கு,

அண்ணன் கொர்னேலியஸ் எழுதுவது. கண்ணைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். மகள் விக்டோரியா பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்து, மாலையில் எனக்குச் செய்தித்தாள் வாசிக்கிறாள். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மருமகள் ரோசலின் உன்னைத் திட்டாமல் வைத்துக்கொள்கிறாளா? இதை உனக்கு வாசித்துக் காட்டுகிறவளே அவள்தான் என்பது எனக்குத் தெரியும். அவளும் சிரிக்கட்டும்.

எழுத்துகள் நெல்லிக்காய் அளவில் இருக்கின்றன என்று பர்னபாஸ் கேலி செய்வான். உன் மகனிடம் காரணத்தைச் சொல். கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்தால், காய்ந்த பிறகு ஒரு வெண்படலம் தங்கும். என் வலது கண்ணில் இப்போது முழுப் பலகையும் அப்படி. இடது கண்ணில் பாதிப் பலகை. இந்த மாதம் 28ஆம் தேதி, திங்கட்கிழமை, வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

போன ஆகஸ்டில் உன்னை அவரிடம் காட்டியபோது சொன்னது உனக்கு நினைவிருக்கும். உன் கண்களை வருகிற ஆடிக்குள் கவனித்துவிட வேண்டும். தள்ளினால் உள்ளே அழுத்தம் ஏறி, பிறகு கத்தி வைத்தும் பயனில்லை என்றார். அப்போது நீ சொன்னாய்: “மொதல்ல நீங்க பண்ணிக்கிட்டு வாங்ணா. நீங்க நல்லா இருந்தீங்கன்னா நான் வர்றேன்.” கணக்குப் பாடத்தில் வாத்தியார் முதல் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுவார், இரண்டாவதைப் பிள்ளைகள் போட வேண்டும். நான் முதல் கணக்கைப் போடப் போகிறேன்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
கொர்னேலியஸ்

மார்டள்ளி
15 ஜனவரி 1952

மாமா அவர்களுக்கு,

அத்தை சொல்லச் சொல்ல ரோசலின் எழுதுவது. வீட்டில் எல்லாரும் நடமாட்டமாக இருக்கிறோம். ராகி அறுப்பு முடிந்து களத்தில் கிடக்கிறது. அத்தை போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தையும் விடாமல் அப்படியே எழுது என்கிறார்கள். எழுதுகிறேன்.

“அண்ணா, கண்ணைத் தோண்டியெடுத்து உப்புத் தண்ணியில அலசி, மறுபடி வெக்கறாங்களாமா. நம்ம வேலாயுதம் சொல்றான். அலசறப்ப மணல் ஒட்டிக்கிட்டா என்ன பண்றதுங்கறான். டாக்டருகிட்ட கேட்டுச் சொல்லுங்க. பயமாயிருக்குதான்னு கேட்டா இல்லைம்பீங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான். கிணத்து மேட்டுல பாம்பு வந்தப்பக்கூட, ஓடாம நின்னு பாம்புக்கு எத்தனை பல்லுன்னு எனக்குப் பாடம் சொன்னவரு நீங்க. ஆனா ஒண்ணு. எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதோணும். கூட்டிக் குறைச்சு எழுதக் கூடாது.”

இதுவரை அத்தை சொன்னது. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். போன வாரம், துழாவிப் பாத்திரம் என்று நினைத்து எரிகிற கொள்ளியைப் பிடித்துவிட்டார்கள். உள்ளங்கை முழுதும் கொப்புளம். உங்களிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன்.

உங்களுக்காக ஞாயிறு பூசையில் வேண்டிக்கொள்கிறோம்.

ரோசலின்

கண் ஆஸ்பத்திரி, மைசூர்
26 ஜனவரி 1952

அன்புத் தங்கைக்கு,

நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உடம்பில் குறையில்லை; பசி நன்றாக எடுக்கிறது. டாக்டரிடம் உப்புத் தண்ணீர் விஷயத்தைக் கேட்டேன். சிரித்துவிட்டார். கண்ணைத் தோண்டுவதே கிடையாதாம். கண்ணுக்குள் மொச்சைப் பயறு போல ஒரு வில்லை இருக்கிறது. அதுதான் வெளுத்துப் போகிறது. அதை மட்டும் எடுத்துவிடுவார்களாம். ஆனால் வேலாயுதம் சொன்ன மணல் உண்மை. ஆபரேஷனுக்குப் பிறகு தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் பை வைக்கிறார்கள். இரண்டு கண்ணையும் கட்டிவிட்டு ஒன்பது நாள் மல்லாந்தே படுக்க வைக்கிறார்கள். புரளக் கூடாது, இருமக் கூடாது, மெல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது. தாடையை அதிகம் அசைத்தால்கூடத் தையல் இழுக்குமாம். கஞ்சியும் பாலும் மூக்குள்ள கிண்ணத்தில் ஊற்றுவார்கள்.

வார்டில் பன்னிரண்டு பேர். பரீட்சைக்கு முந்தின நாள் வகுப்பைப் பார்த்திருக்கிறேன். ஒரு வகைப் பிள்ளைகள் பேசிக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு வகை சுவரைப் பார்த்திருக்கும். மூன்றாவது வகை, பரீட்சையே தள்ளிப்போகும் என்று யாரோ சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். மூன்றும் இங்கே இருக்கின்றன. வயது மட்டும்தான் வேறு.

எனக்குப் பக்கத்துக் கட்டில்காரர் ஜடையன். நஞ்சன்கூடு பக்கத்து ஊர். ஆடு மேய்ப்பவர். கன்னடம் தவிர வேறு பேச்சில்லை. அவருக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து தூங்கவில்லை. வாத்தியார் என்பதால் என்னை ‘மேஷ்ட்ரே’ என்றுதான் கூப்பிடுகிறார். காலையில் கேட்டார்:

“மேஷ்ட்ரே, கண்ணைக் கட்டிட்டா ராத்திரியா பகலான்னு எப்படித் தெரியும்?”

“காபி வந்தால் பகல்.”

“எனக்குக் காபிப் பழக்கமில்லையே.”

“பக்கத்தில் நான் குடிப்பேன். வாசனை வரும்.”

“அப்ப உங்க பகல்தான் எனக்கும் பகல்,” என்றார். அதற்கப்புறம் சற்றே முகம் தெளிந்தது.

நர்ஸ் கௌரம்மா நல்ல பெண்மணி. தான் சொன்னால்தான் எழ வேண்டும் என்று ஜடையனுக்குப் பத்துத் தரம் சொல்லிவைத்தார். இருட்டில் கிடப்பவருக்கு முதலில் தொலைவது நாள் கணக்குதான் என்று ஏற்கெனவே பார்வை பெற்றுப் போகிற ஒருவர் சொன்னார். ஆகையால் நான் ஒரு வழி செய்திருக்கிறேன். காலைக் காபி வந்ததும், இன்று எத்தனையாவது நாள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளப் போகிறேன். மனத்துக்கு அது ஒரு கைப்பிடி.

மீதியைக் கட்டுப் பிரித்த பிறகு எழுதுகிறேன். உன் கையில் என்ன காயம் என்று நான் கேட்கவில்லை. எண்ணெய் மட்டும் தடவு.

அண்ணன்

மைசூர்
9 பிப்ரவரி 1952

அன்புத் தங்கைக்கு,

விக்டோரியா எழுதுகிறாள், நான் சொல்கிறேன். நேற்று முன்தினம் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரல்களைக் காட்டினார். எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னேன். ஆபரேஷன் நன்றாக நடந்திருக்கிறது என்றார். வலி பொறுக்கக்கூடியதே. ஒன்பது நாள் சிரமந்தான், ஆனால் முடியாததல்ல. ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி தருவார்கள். நீ மே மாதம் வரலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

அத்தை, அப்பா இவ்வளவுதான் சொன்னார். வழக்கமாக என் கை வலிக்கும்வரை சொல்வார். களைப்பாக இருக்கும்.
விக்டோரியா

மார்டள்ளி
20 பிப்ரவரி 1952

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்ததும் அத்தை கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். நாங்கள் எல்லாரும் சௌக்கியம். உங்கள் கண்ணாடியைப் பார்க்க ஆசையாக இருக்கிறோம். அத்தை கேட்பது ஒன்றுதான்:

“அந்தக் காபி குடிக்காத மனுஷன் என்னானாரு? அவருக்கும் விரலைக் காட்டுனாங்களா?”

ரோசலின்

மைசூர்
26 மார்ச் 1952

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்குக் கண்ணைக் குறை சொல்ல முடியாது. கண் நன்றாக இருக்கிறது. இதை நானே எழுதுகிறேன். எழுத்துகள் நெல்லிக்காயிலிருந்து மிளகு அளவுக்கு இறங்கிவிட்டதைப் பர்னபாஸிடம் காட்டு. நீங்கள் எல்லாரும் நலமாயிருக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கண்ணாடி போன வாரம் வந்தது. சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலத் தடிமன். அதைப் போட்டதும் உலகம் கால்பங்கு பெரிதாகிவிட்டது. வாசற்படி முழங்கால்வரை எழும்பி நிற்கிறது. தம்ளரில் காபி ஊற்றினால் தம்ளருக்கு முன்னாலேயே விழுகிறது. கதவின் நிலை வில் போல வளைந்திருக்கிறது. புதிதாகக் கோடு போடக் கற்கும் பிள்ளையைப்போல நான் தூரத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நிறங்கள் இன்னும் வேடிக்கை. என் வேட்டிகளுக்கு வண்ணான் நீலம் கூடப் போட்டுவிட்டான் என்று சண்டைக்குப் போனேன். வண்ணான் எப்போதும் போலத்தான் போட்டிருக்கிறான். பல வருஷமாக மஞ்சளடித்த கண்ணால் பார்த்துவிட்டு, இப்போது வெள்ளையை வெள்ளையாகப் பார்க்கும்போது நீலம் தெரிகிறதாம்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு கிழவர் இருந்தார். அவரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பரீட்சையில் தேறிய பிள்ளைகளிலும் சிலர் அன்று அழுவதுண்டு. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. உனக்கும் முதல் சில நாள் அப்படி இருக்கலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

மே மாதம் உன்னை எதிர்பார்க்கிறேன்.

அண்ணன்

மைசூர்
3 ஏப்ரல் 1952

அன்புள்ள ரோசலின் அக்காவுக்கு,

விக்டோரியா எழுதுகிறேன். நான் நலம், பள்ளியில் பரீட்சை வேலை. இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும்.

அப்பாவுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. அவர்தான் நன்றாக இல்லை. முன்பு கண் தெரியாமலே தெருமுனை வரை போய், கடைக்காரருக்கு லாப நட்டக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். இப்போது வெளியே போவதில்லை. காலையில் காபி கொடுத்தால் ஆறிய பிறகுதான் தொடுகிறார். நேற்றுத் துணி எண்ணும்போது, “ஆறும் ஒண்ணும்” என்றார். “ஏழுன்னு சொல்ல என்னப்பா?” என்று சிரித்தேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

கடைத்தெருவில் நர்ஸ் கௌரம்மாவைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் ஜடையன் நாலாம் நாளே எழுந்துவிட்டாராம். தையல் விட்டு, அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லையாம். கட்டோடு கிடக்கும் வயதானவர்களுக்கு இப்படிப் புத்தி தடுமாறுவதுண்டு, யார் மேலும் குற்றமில்லை என்றார். அப்பாவிடம் கேட்டேன். “ஆமாம்,” என்றார். அவ்வளவுதான்.

அத்தைக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

விக்டோரியா

மார்டள்ளி
17 ஏப்ரல் 1952

மாமா அவர்களுக்கு,

பாஸ்கா நல்லபடி நடந்தது. பிள்ளைகள் சுகம். அத்தையின் வலது கண்ணில் இப்போது விளக்கு மட்டும்தான் தெரிகிறது. இடதில் அதுவும் மங்கல்தான். அவர்கள் சொல்வது:

“அண்ணா, கண்ணாடிக்கு ஒரு பக்கம் எழுதுனீங்க. வண்ணானுக்கு நாலு வரி. அந்த மனுஷனுக்கு ஒரே வரி. ரோசலின் வாசிக்கறப்ப அந்த எடத்துல அவ கொரலே கம்முது. விக்டோரியா எழுதுனதையும் அவகிட்டக் கேட்டு வாங்கிட்டேன். ரெண்டு பேரையும் திட்டாதீங்க. ஒரு கண்ணு போனதை மறைக்கறவரு, இன்னும் எத்தனை கண்ணு போனதை மறைச்சிருக்காரோன்னு தோணுது. நான் வரலைங்ணா. ஆடி வந்தா வரட்டும்.”

மாமா, அத்தை இதைச் சொன்னபோது கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரோசலின்

மைசூர்
6 மே 1952

அன்புள்ள தங்கை அம்மணிக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தில் உதாரணங்கள் இருக்காது.

பிப்ரவரி 4. எனக்கு ஏழாம் நாள். ஜடையனுக்கு நாலாம் நாள். மூன்று நாளாக அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. முந்தின நாளிலிருந்தே இருட்டில் ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு நினைவில் நின்றது ஒன்றே ஒன்று. கௌரம்மா சொல்லிவைத்திருந்தார்: “அஜ்ஜா, நான் ‘ஏளு’ன்னு சொன்னாத்தான் எழணும்.” கன்னடத்தில் ஏளு என்றால் எழுந்திரு. அந்தச் சொல்லுக்காகவே அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

காலைக் காபி வந்தது. நான் என் நாள் கணக்கைச் சொன்னேன். ஏழு என்று.

ழகரத்துக்கு நாக்கை நன்றாக மடிக்க வேண்டும். தாடையை அசைக்காதே என்றிருந்ததால் நான் மடிக்கவில்லை. ‘ஏளு’ என்று விட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவன். வகுப்பில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மறுபடி சொல்ல வைத்திருப்பேன்.

பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டது. “வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்,” என்று கன்னடத்தில் சொன்னார். மணல் பை தரையில் விழுந்தது. அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குக் கன்னடம் தெரியும். “ஜடையா, படு,” என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். கையை நீட்டியிருந்தால் அவர் சட்டை கிடைத்திருக்கும். நான் நீட்டவில்லை. வாயும் திறக்கவில்லை. அசையக் கூடாது, தையல் விட்டுவிடும் என்பதுதான் என் நினைவில் இருந்தது. அவர் என் கட்டிலைத் தாண்டி நாலு அடி போய் ஜன்னல் கம்பியில் மோதும்வரை, என் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. நீ பயந்து வராமல் போவாய் என்று மறைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறு பாதி என்னவென்று உனக்குத் தெரியும்.

நீ வருவதும் வராததும் இனி உன் முடிவு. ஆனால் ஆடி நெருங்குகிறது.

கொர்னேலியஸ்

மார்டள்ளி
15 மே 1952

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்கள். பிறகு சொன்னது இது. எல்லாரும் சுகம் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

“இத்தனை நாளா எதுக்குப் பயப்படறோம்னே தெரியாம பயந்துட்டிருந்தேன். இப்பத் தெரிஞ்சு போச்சு. எந்திரிக்காம கெடக்கோணும். அவ்வளவுதான. அது கிடக்கட்டும். அது யாரு கொரல்னு அந்த மனுஷனுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா மொதல்ல அங்க போங்க. போயிட்டு வந்து எழுதுங்க. அதுக்கப்புறம் நான் பஸ் ஏறறேன்.”

ரோசலின்

மைசூர்
14 ஜூன் 1952

அன்பு அம்மணிக்கு,

மழை பிடித்திருக்கிறது, சளி எதுவும் இல்லை. உங்கள் பக்கம் விதைப்பு ஆரம்பித்திருக்கும்.

நேற்று முன்தினம் போய் வந்தேன். நஞ்சன்கூடு தாண்டி பஸ் இறங்கி இரண்டு மைல். வழி கேட்டபோது, “மாதேஸ்வரசாமி கூப்பிட்ட ஜடையனா?” என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு விளங்கியது.

ஜடையன் பட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் செய்த கண் மூடிக்கிடக்கிறது. மற்றக் கண்ணிலும் புரை முற்றிவிட்டது. என் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்: அன்று காலையில் மலையிலிருந்து மாதேஸ்வரர் தாமே வந்து ‘ஏளு’ என்றாராம். எழச் சொன்ன இடத்தில் மறுபடி போய்ப் படுக்கக் கூடாது என்று மற்றக் கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டாராம். ஊரில் மரியாதை கூடியிருக்கிறது. தேங்காய் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

நான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது, என் நாள் கணக்கு, ஏழாம் நாளுக்கான எண் அது என்று. கை நீட்டாததையும் சொன்னேன்.

அவர் என் கையை விட்டுவிட்டார். ஆடுகள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி மல்லம்மாதான் முதலில் பேசினார்.

“நான் அன்னிக்கே சொன்னேன். சாமிக்கு வேற வேலை இல்லையா, ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னை எழுப்பறதுக்குன்னு. கேட்டியா?” என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க ஏன் மேஷ்ட்ரே நாலு மாசம் வரலை? நாலு மாசமா இவன் மத்தக் கண்ணையும் விட்டுட்டு உக்காந்திருக்கான்.”

என் தப்புதான். அதையே சொன்னேன்.

ஜடையன் மெல்லச் சொன்னார்: “உங்க வாயால பேசினது அவன்தான்னு ஏன் இருக்கக் கூடாது?”

“இருக்கலாம். நான் மறுக்கவில்லை. அப்படியானால் இன்றைக்கும் அதே வாய்தான். மற்றக் கண்ணைச் செய்துகொள் என்று சொல்கிறது.”

மல்லம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஜடையனுக்கு முதலில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. கடைசியில் சிரிப்புதான் வந்தது, பாதி.

“மேஷ்ட்ரே நல்லா மடக்கறார். சரி. தீபாவளிக்கு மலையில நடக்கற ஜாத்ரை முடியட்டும். சாமிகிட்டக் கேட்டுட்டு வர்றேன். ஊர்ல ஒண்ணும் சொல்லிடாதீங்க.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா பக்கத்துக் கட்டில்ல நீங்க இருக்கக் கூடாது. வந்து பாக்கறதா இருந்தா வாயை மூடிக்கிட்டு உக்காருங்க,” என்றார்.

அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அண்ணன்

மார்டள்ளி
25 ஜூன் 1952

மாமா அவர்களுக்கு,

அத்தை பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள். ஹனூர் வரை வண்டி, அங்கிருந்து பஸ். என் வீட்டுக்காரர் கூட்டி வருகிறார். ஜூலை எட்டாம் தேதி மாலை வாசலில் நில்லுங்கள். மல்லம்மா பேசியதை மட்டும் தனியாக மறுபடி ஒரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

ரோசலின்

மைசூர்
24 ஜூலை 1952

அன்புள்ள மருமகள் ரோசலினுக்கு,

இங்கே உன் அத்தை உட்பட எல்லாரும் நலம். அங்கே பிள்ளைகளுக்கும் உனக்கும் ஒரு குறையும் இல்லாதிருக்க வேண்டும். பர்னபாஸை ஞாயிற்றுக்கிழமை அனுப்பினால் போதும். அதுவரை ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்கிறார்கள். இப்போதைக்கு வலது கண் மட்டும். மற்றதை மார்கழிக்குப் பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். பர்னபாஸிடம் அவளுடைய நூல்சேலை ஒன்று கொடுத்தனுப்பு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பதினாலாம் தேதி ஆபரேஷன். தினமும் மாலை நாலிலிருந்து ஐந்து வரை பெண்கள் வார்டில் என்னை விட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். “யாரு, அண்ணனா?” என்று கேட்டால் விரலை அழுத்துவேன். அவளும் அதற்குமேல் கேட்க மாட்டாள். விக்டோரியா காலையில் போய்ப் பேச வேண்டியதைப் பேசிவிட்டு வருவாள்.

மூன்றாம் நாள் மாலை அவள் கை சூடாகவும் பதற்றமாகவும் இருந்தது. கட்டிலில் என்னவோ துழாவினாள். பிறகு, “கிளி எறங்கிருச்சு. கம்பு எங்க? கதிரெல்லாம் போச்சு,” என்றாள். அவள் களத்தில் இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. தலை தலையணையை விட்டு எழும்பத் தொடங்கியது. கௌரம்மா வார்டின் மறு கோடியில் இருந்தார்.

நான் உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், அசையாதே என்று சொன்னால் அது அவள் இருந்த இடத்துக்குப் போய்ச் சேராது என்று தோன்றியது.

“கிளியை நான் ஓட்டிட்டேன் அம்மணி. படு.”

“எல்லாமும் போயிருச்சா?”

“போயிருச்சு.”

தலை இறங்கியது. கௌரம்மா வந்து பார்த்துவிட்டுக் கட்டு நகரவில்லை என்றார். அன்று அவரே என்னை ஆறு மணி வரை இருக்கவிட்டார். மறு நாளிலிருந்து மறுபடி விரலை மட்டும் அழுத்தினேன்.

இன்று காலை கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரல்களைக் காட்டி எத்தனை என்றார். “மூணு. நகத்தை வெட்டுங்க சாமி,” என்றாள். டாக்டர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணாடி வருகிறவரை அவளுக்கு என் முகம் வெறும் வெளுத்த வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பத்து நாளும் வந்து வந்து உக்காந்துட்டு, ஒரு தரந்தான் வாயைத் திறந்தீங்க. அது சரியான நேரந்தான். போதுமுங்ணா. இனி எப்பவும் போலப் பேசுங்க.”

ஜன்னலுக்கு வெளியே பச்சையாகப் பெரிதாக ஏதோ நிற்கிறதே, அது என்ன என்று அவளே கேட்டாள். தூங்குமூஞ்சி மரம் என்றேன். ஏன் அந்தப் பெயர் என்றாள். அதிலிருந்து ஆரம்பித்தேன். கௌரம்மா வந்து, மற்றவர்கள் தூங்க வேண்டும் மேஷ்ட்ரே என்று என்னை வெளியே அனுப்பும்வரை பேசினேன்.

உன் அன்புள்ள மாமா,
கொர்னேலியஸ்